ஈரப்பதம் 17.2 என்று மெஷின் காட்டினால் பேச்சு அதோடு முடிந்ததா?

மன்னை மின்னணு:

அறுப்பு தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் பேச்சே ஈரப்பதம்தான். "மெஷின் 17.2 சதவீதம் காட்டுது, 17க்கு மேல போனா எடுக்க முடியாது, காய வச்சுக் கொண்டா" என்று அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் சொல்லிவிட்டால் விவசாயி மறுபேச்சில்லாமல் நெல்லைத் திரும்பவும் களத்தில் பரப்புகிறார். ஆளோடு சண்டை போடுகிறவர்கள்கூட மெஷினோடு போடுவதில்லை. ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்றாலும் அதே கதை, பயிர்க் காப்பீட்டில் உங்கள் கிராமத்துக்கு இழப்பீடு இல்லை என்று வந்தாலும் அதே கதை. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது, நாங்க என்ன பண்றது.

நான் மின்னணுவியல் படித்தவன், சின்ன வயதிலிருந்து கருவிகளைப் பிரித்துப் பார்த்து வளர்ந்தவன், கருவி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் கட்சி ஒன்றுதான். ஒரு கருவியோ மென்பொருளோ ஒருவருடைய நெல்லை, அரிசியை, இழப்பீட்டுப் பணத்தைத் தீர்மானிக்கிறது என்றால், அது எப்படி அந்த எண்ணுக்கு வந்தது என்பதை அவர் கையில் எழுத்தில் கொடுக்க வேண்டும். எந்த மெஷின், கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், எத்தனை முறை அளந்தார்கள், ஒவ்வொரு முறையும் என்ன வந்தது. இது இல்லாத எண்ணை வைத்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிப்பம், அதாவது ஒரு மூட்டை நெல், 40 கிலோ. ஈரப்பதம் 17.2 என்றால் அதில் உலர்ந்த நெல் 33.12 கிலோ, மீதி தண்ணீர். அதே நெல்லை 17க்குக் கொண்டுவந்தால் எடை 39.9 கிலோ. அதாவது சிப்பத்துக்கு 100 கிராமுக்கும் குறைவான தண்ணீர். 2025-26 பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய். அந்தத் தண்ணீரின் விலை சிப்பத்துக்கு இரண்டரை ரூபாய்கூட வராது. இதற்காக ஒருவர் நெல்லை மறுபடி கொட்டி, கிளறி, சாயங்காலம் மேகம் திரண்டால் தார்ப்பாய்க்கு ஓடி, அடுத்த நாளும் வாடகை கொடுத்து டிராக்டர் வைத்துக் காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு மழை விழுந்தால் 17.2 ஆக இருந்தது 22க்குப் போய்விடும். அந்த 0.2 உண்மையிலேயே நெல்லில் இருந்ததா, மெஷினில் இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. எனக்கு ஆறாதது இதுதான்.

தாளடிக்காரர்:

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. நீடாமங்கலம் பக்கம் எங்கள் நிலம். நான் கிட்ட நின்று பார்த்ததைச் சொல்கிறேன். குவியலின் மேலே இருந்து ஒரு கை அள்ளுகிறார்கள், கப்பில் கொட்டுகிறார்கள், பட்டனை அமுக்கினால் நம்பர் ஓடி நிற்கிறது. 17.6. நான் "இன்னொரு தடவை பாருங்க சார்" என்றேன். அதே நெல்லைக் கீழே கொட்டி அள்ளி மறுபடி போட்டார், 16.9. இப்போது எது என் நெல்? அவர் நல்ல மனுஷன், 16.9 என்று எழுதிக்கொண்டார். எனக்குப் பின்னால் நின்றவருக்கு அப்படி இரண்டாவது தடவை கேட்கத் தெரியவில்லை, அவருக்கு 17.4, போய்விட்டார். கேட்கத் தெரிந்தவனுக்கு ஒரு நியாயம், தெரியாதவனுக்கு ஒரு நியாயமா?

இன்னொன்று, வெயிலில் கிடந்த நெல்லை உடனே அள்ளிப் போட்டால் ஒரு நம்பர், நிழலில் கொஞ்ச நேரம் ஆற விட்டுப் போட்டால் வேறு நம்பர். இது ஏன் என்று படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

இயற்பியல் டீச்சர்:

சொல்கிறேன் ஐயா. இப்போது பரவலாக இருக்கும் டிஜிட்டல் மீட்டர்களில் பலவும் மின்தேக்குத்திறனை அளப்பவை. கப்பின் சுவர் ஒரு தகடு, நடுவில் இருப்பது இன்னொரு தகடு, இடையில் உங்கள் நெல். தண்ணீரின் மின்காப்பு மாறிலி, அதாவது இடையில் இருக்கும் பொருள் அந்தத் திறனை எத்தனை மடங்கு கூட்டுகிறது என்ற எண், அறை வெப்பத்தில் சுமார் 80, காய்ந்த தானியத்தில் அது ஒற்றை இலக்கம்தான். அதனால் கொஞ்சம் தண்ணீர் கூடினாலும் மின்தேக்குத்திறன் நன்றாகவே ஏறும். அந்த ஏற்றத்தை மீட்டருக்குள் இருக்கும் ஒரு வளைகோட்டில் வைத்துப் பார்த்து சதவீதமாகக் காட்டுகிறது. மெஷின் தண்ணீரை நேரடியாகப் பார்ப்பதே இல்லை, மின்சாரக் குணத்தைப் பார்த்து ஊகிக்கிறது. இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் வெயில் நெல் விவகாரம். வெப்பநிலை மாறினால் அந்த மின்சாரக் குணமும் மாறும். நல்ல மீட்டரில் வெப்பநிலை உணரி இருக்கும், திருத்திக்கொள்ளும். ஆனால் நெல் சூடாகவும் கப் குளிர்ச்சியாகவும் இருக்கும்போது உணரி அளப்பது எதை? இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும் வரை பொறுத்திருக்க வேண்டும், அவசரத்தில் யாரும் பொறுப்பதில்லை. அடுத்தது, கப்பில் நெல் எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்பதும் எண்ணை மாற்றும். உயரத்திலிருந்து கொட்டினால் ஒரு மாதிரி, மெதுவாகச் சரித்தால் ஒரு மாதிரி. உங்களுக்கு 17.6ம் 16.9ம் வந்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம். ரகமும் ஒரு காரணம். ஏடிடி 37 குட்டையாகப் பருமனாக இருக்கும், பிபிடி 5204 சன்னம், கப்பில் இரண்டும் ஒரே மாதிரி அடையாது. "நெல்" என்று ஒரே ஒரு வளைகோட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அளந்தால் வித்தியாசம் வரத்தான் செய்யும்.

அரைத்து அழுத்தி மின்தடையைப் பார்க்கும் பழைய மாதிரி மீட்டருக்கும் குறை உண்டு. லேசாகத் தூறல் பட்டு மேலே மட்டும் ஈரமான நெல்லில் கூடக் காட்டும், வேகமாகக் காய வைத்து உள்ளே ஈரம் தங்கிய நெல்லில் குறைத்துக் காட்டும்.

ஐந்து முறை அளந்து சராசரி எடுத்தால் இந்தத் தற்செயல் பிழை பாதிக்கும் கீழே இறங்கிவிடும், வர்க்கமூலக் கணக்கு அது. ஆனால் மீட்டரே அரை சதவீதம் கூட்டிக் காட்டும்படி விலகியிருந்தால் ஐந்நூறு முறை அளந்தாலும் அது போகாது. அதற்கு ஒரே வழி, மாதிரியை எடை போட்டு, ஆய்வக அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போட்டு ஒப்பிடுவது. நல்ல மீட்டர் என்று விற்பதிலும் பிளஸ் மைனஸ் 0.5 என்று கையேட்டில் போட்டிருப்பது சாதாரணம். பிளஸ் மைனஸ் 0.5 உள்ள ஒரு கருவியில் 17.2 என்று தசம இடத்தைப் பார்த்து ஒருவரைத் திருப்பி அனுப்புவதற்கு இயற்பியலில் இடமில்லை.

பட்டியல் எழுதியவர்:

நான் கொள்முதலில் பட்டியல் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும்.

17 என்பது யாரோ விளையாட்டுக்கு வைத்த எண் இல்லை. நெல்லை மாதக்கணக்கில் வைக்க வேண்டும் என்றால் ஈரம் 14க்கு மேல் போகக் கூடாது. நெல்லுக்கு உயிர் இருக்கிறது, சுவாசிக்கிறது, ஈரம் அதிகமானால் அடுக்கின் உள்ளே சூடு ஏறும், பூஞ்சணம் பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். 17 என்பதே சலுகைதான். மழைக்காலத்தில் மாநில அரசு 22 கேட்கும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும், 2022 அக்டோபரில் 19 கொடுத்தார்கள், 2023 பிப்ரவரியில் காலம் தவறிய மழைக்குப் பிறகு 20 கொடுத்தார்கள். உத்தரவு வரும் வரை 17.1ஐ எடுத்தால் எழுத்தர் பொறுப்பு.

நிலையத்தில் வாங்கிய நெல் அன்றைக்கே லாரி ஏறிவிடாது. திறந்த வெளியில் அடுக்கிக் கிடக்கும், வெயிலில் எடை குறையும். கிடங்கில் இறக்கும்போது குறைகிற எடையை யாரிடம் பிடிப்பார்கள்? பருவத்துக்கு மட்டும் வேலை செய்கிற எழுத்தரிடம். அதனால் ஒவ்வொருவரும் தன் பாதுகாப்புக்கு மெஷினைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறார். இதைச் சரி என்று சொல்லவில்லை, இப்படித்தான் நடக்கிறது என்கிறேன். 2025 அக்டோபர் மழையில் குறுவை நெல் மூட்டையிலேயே முளைத்ததை எல்லோரும் பார்த்தோமே.

மன்னை மின்னணு:

ஐயா, நீங்கள் எழுதியது இந்த இழைக்குத் தேவையான விஷயம். எழுத்தரைக் குற்றவாளியாக்க எனக்கு விருப்பமே இல்லை. நான் கேட்கும் சீட்டு அவருக்கும் கவசம். வாங்கும்போது 17.0 என்று அச்சான சீட்டு இருந்து, பத்து நாள் வெயிலில் கிடந்து 15க்கு இறங்கியது என்றால், 40 கிலோ சிப்பம் 39.06 கிலோவாக ஆகியிருக்க வேண்டும், அது தண்ணீர் போன எடை, திருட்டில்லை என்று கணக்குக் காட்டி வாதாடலாம். இன்றைக்கு அந்த ஆதாரம் அவர் கையில் இல்லை, அதனால்தான் அவர் சம்பளத்தில் பிடிக்க முடிகிறது.

சேமிப்புக்கு 14 வேண்டும் என்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் 17.0ல் வாங்கினாலும் காய வைத்தே ஆக வேண்டும், 17.4ல் வாங்கினாலும் காய வைத்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஏன் செங்குத்தாக ஒரு சுவர்? 17லிருந்து 20 வரை சரிவாக வைக்கலாம். 20 சதவீத நெல் என்றால் சிப்பத்துக்கு 1.45 கிலோ தண்ணீர் கூடுதல், ஏறத்தாழ 36 ரூபாய். அதைக் கழித்துக்கொண்டு எடுத்துக்கொள்ளட்டும், காய வைக்கும் செலவுக்கும் ஒரு தொகையைக் கழிக்கட்டும். விவசாயி களத்தில் காத்திருந்து மழையில் இழப்பதைவிட அது குறைவாகத்தான் இருக்கும். சரிவு வைத்துவிட்டால் மெஷினின் அரை சதவீதப் பிழைக்கு விலை சில ரூபாய்களோடு போய்விடும், முழு லோடும் திரும்பிப் போகாது. எழுத்தருக்குப் பணம் கொடுத்து 17.2ஐ 17 ஆக்கும் பேச்சும் குறையும், ஏனென்றால் அந்தக் கோட்டைத் தாண்டுவதில் பெரிதாக லாபம் இருக்காது.

நெல் உலர்த்தும் இயந்திரம் கொள்முதல் நிலையத்திலேயே வேண்டும் என்பது தனிச் சண்டை, அதில் நான் உங்கள் பக்கம். ஒரு விஷயம் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இன்றைக்குத் தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் 1967ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடமாகத்தான் ஆரம்பித்தது. அதன் முதல் வேலையே டெல்டாவின் ஈர நெல்லை எப்படிக் கெடாமல் காப்பது என்பது. இந்த மண்ணின் பிரச்சினைக்கென்றே ஆராய்ச்சி தொடங்கி இத்தனை காலம் ஆன பிறகும் நாம் தார்ச்சாலையில் நெல் காய வைக்கிறோம்.

வெட்டாறு:

எனக்கு உடன்பாடு இல்லை. மெஷின் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று யோசியுங்கள். நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்து "பச்சையா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. வேண்டியவன் நெல் காய்ந்த நெல், வேண்டாதவன் நெல் ஈர நெல். மெஷின் வந்துதான் அது கொஞ்சமாவது அடங்கியது. இப்போது நீங்கள் பிளஸ் மைனஸ், வளைகோடு, வர்க்கமூலம் என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு சிப்பத்துக்கும் பஞ்சாயத்து நடக்கும். வரிசையில் நூறு டிராக்டர் நிற்கும்போது ஐந்து தடவை அளந்துகொண்டிருந்தால் கடைசி ஆள் எப்போது வீட்டுக்குப் போவார்? சாதாரண ஜனங்களுக்கு இந்த விவரமெல்லாம் புரியவும் புரியாது.

மன்னை மின்னணு:

பல்லில் கடித்த காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆள் இஷ்டம் போய் மெஷின் இஷ்டம் வந்தால் போதுமா என்றுதான் கேட்கிறேன். ஐந்து அளவுக்கு ஆகும் நேரமும் பெரிதில்லை. ஒரு லோடுக்கு, சிப்பத்துக்கு இல்லை, ஒரு லோடுக்கு ஐந்து இடத்தில் குத்தூசி போட்டு எடுத்து அளந்தால் சில நிமிடம்தான் கூடும். சிப்பம் பிடித்துத் தைத்து எடை போடும் நேரத்தோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

ஜனங்களுக்குப் புரியாது என்றீர்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு, நாலும் தினமும் பேப்பரில் வருகிறது. முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டிஎம்சி என்று பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களும் சொல்வார்கள். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி என்ற கணக்கு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பேருக்கு அத்துப்படி. காவிரி வழக்கின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில், கர்நாடகம் நமக்கு விட வேண்டியது எல்லையில் பிலிகுண்டுலுவில் 177.25 டிஎம்சி என்று வந்ததும், 2007ல் நடுவர் மன்றம் சொன்னது 192 ஆச்சே, 14.75 எங்கே போச்சு என்று அன்றைக்கே திண்ணையில் கேட்டார்கள். இந்த அறிவு எப்படி வந்தது? எண்ணைத் தினமும் கண் முன்னால் வைத்தார்கள், ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். ஈரப்பதமானியின் சரிபார்ப்புத் தேதியையும் அது எத்தனை புள்ளி விலகுகிறது என்பதையும் நிலையத்தின் பலகையில் எழுதிப் போடுங்கள், ஒரே பருவத்தில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

கடைத் தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் ஊர் இது. ஈரப்பதமானிக்கும் உலக அளவில் தனித் தரநிலை இருக்கிறது, சட்டமுறை அளவியலுக்கான சர்வதேச அமைப்பின் ஆர் 59, தானியத்துக்கும் எண்ணெய் வித்துக்கும் என்றே எழுதியது. இல்லாததை நான் கேட்கவில்லை.

கோட்டகம்:

திருத்துறைப்பூண்டிக்காரன், இப்போது சென்னையில் மென்பொருள் வேலை. என் தொழிலிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்து அஞ்சல் துறையில் ஹொரைசன் என்று ஒரு கணக்கு மென்பொருள். ஃபுஜிட்சு நிறுவனம் செய்து கொடுத்தது, 1999ல் கிளைகளுக்கு வந்தது. அங்கே சின்னச் சின்ன அஞ்சலகங்களைக் கடைக்காரர்கள் மாதிரி ஆட்கள் எடுத்து நடத்துவார்கள். சாயங்காலம் கணக்கு முடித்தால் திரையில் பணம் குறைகிறது என்று வரும். கையில் இருக்கும் பணம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் மென்பொருள் குறைகிறது என்கிறது. குறைந்ததைக் கட்டு, இல்லாவிட்டால் வழக்கு. நூற்றுக்கணக்கான பேர் திருடர்களாக்கப்பட்டார்கள், மொத்தம் 900 பேருக்கு மேல் தண்டனை, சிறைக்குப் போனவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. அங்கே சட்டத்தில் கணினிச் சான்று பற்றி இருந்த ஒரு பாதுகாப்புப் பிரிவை 1999ல்தான் எடுத்திருந்தார்கள். அதனால் கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று நீதிமன்றம் முதலிலேயே எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் பாடு. மென்பொருளின் உள்ளே என்ன நடந்தது என்ற பதிவு அவர் கைக்குக் கிடைக்கவே கிடைக்காது, பிறகு எப்படி நிரூபிப்பார்?

ஆலன் பேட்ஸ் என்ற ஒரு கிளைக்காரர் விடாமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போராடி, 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்புச் சொன்னது. 2024ல் பாராளுமன்றமே தனிச் சட்டம் போட்டு தண்டனைகளை ரத்து செய்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மன்னை மின்னணு கேட்கும் ஒரு துண்டுச் சீட்டு, யார் எப்போது எந்தக் கருவியில் என்ன செய்தார்கள் என்ற பதிவு, அது அந்த ஆட்கள் கையில் முதல் நாளே இருந்திருந்தால் இத்தனை குடும்பம் சிதைந்திருக்காது. நான் மென்பொருள் எழுதுகிறவன். பிழை இல்லாத மென்பொருளை என் அனுபவத்தில் பார்த்ததில்லை.

குடந்தை வாசகி:

ரேஷன் கடை விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மாமியார் நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே ஆயுளைக் கழித்தவர். விரல் நுனி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. கருவியில் வைத்தால் சிவப்பு விளக்கு, மறுபடி வைத்தால் மறுபடி சிவப்பு, துணியில் துடைத்து வைத்தாலும் அதே. ஒரு நாள் ஓடிபி போட்டுக் கொடுத்தார்கள், இன்னொரு நாள் சர்வர் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஏன் கொடுக்கவில்லை என்று ஒரு ரசீது. ரேகை பொருந்தவில்லையா, நெட் இல்லையா, அரிசி இருப்பு இல்லையா, மூன்றும் வேறு வேறு காரணம், மூன்றுக்கும் "நாளைக்கு வாங்க" என்று ஒரே பதில்தான் கிடைக்கிறது. பொருள் வாங்கினால் போனுக்கு மெசேஜ் வருகிறது, வாங்காமல் திரும்பினால் எதுவும் வருவதில்லை. திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எங்கேயாவது ஏறுகிறதா?

மன்னை மின்னணு:

அக்கா, கடைசி வரி மிக முக்கியம். மறுக்கப்பட்டவரின் பதிவு இல்லாததால்தான் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று மேலே அறிக்கை போகிறது. கொள்முதலிலும் அப்படியே, வாங்கிய டன் கணக்கு வருகிறது, திருப்பி அனுப்பிய லோடு கணக்கு வருவதே இல்லை. உங்கள் மாமியாருக்குக் கண் கருவிழிக் கருவி உள்ள கடை என்றால் அதைக் கேளுங்கள், விரல் ரேகை வயதாலும் வேலையாலும் தேயும், கருவிழி அப்படித் தேயாது.

தாளடிக்காரர்:

காப்பீட்டை விட்டுவிட்டீர்களே. சம்பாவுக்கு ஒன்றரை சதவீதம் பிரீமியம் கட்டுகிறோம், வெள்ளத்தில் பயிர் அழுகுகிறது, கடைசியில் பக்கத்துக் கிராமத்துக்குப் பணம், எங்களுக்கு ஒன்றுமில்லை. நடுவில் இருப்பது ஒரு வாய்க்கால். இப்போது சாட்டிலைட் பார்த்துச் சொல்லும் என்கிறார்கள். சாட்டிலைட்டுக்கு என் வயல் தெரியுமா?

மன்னை மின்னணு:

தெரியும், ஆனால் எந்த அளவுக்கு என்பதில்தான் விஷயம்.

முதலில் பழைய முறை. உங்கள் கிராமத்தில் சில வயல்களைக் குலுக்கலில் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் போட்டு அறுத்து எடை பார்ப்பார்கள். அதில் வரும் சராசரியை, கடந்த ஏழு வருடத்தில் நன்றாக விளைந்த ஐந்து வருடச் சராசரியிலிருந்து கணக்கிட்ட உத்தரவாத விளைச்சலோடு ஒப்பிடுவார்கள். கீழே இருந்தால்தான் இழப்பீடு. ஆக உங்கள் ஒரு வயல் மொத்தமாகப் போனாலும் கிராமச் சராசரி தப்பித்தால் இந்த விளைச்சல் கணக்கில் பணம் வராது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேறு கிராமம் என்றால் வேறு கணக்கு. இது திட்டத்தின் அமைப்பிலேயே இருப்பது.

2023 முதல் நெல்லுக்கு விளைச்சல் கணக்கில் குறைந்தது 30 சதவீத எடை தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக் கிடக்கும், சாதாரணப் படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு மேகம்தான் தெரியும். அதனால் ரேடார் வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல் 1 அப்படிப்பட்டது, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும், தண்ணீர் நிற்கும் வயலையும் பயிர் எழும்பிய வயலையும் நன்றாகப் பிரித்துச் சொல்லும். அந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், இதை நான் உண்மையிலேயே பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஆனால் அதன் தெளிவு ஏறத்தாழ 20 மீட்டர், அதாவது 20 மீட்டருக்கு 20 மீட்டர் ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மா நிலம் சுமார் 1,340 சதுர மீட்டர், அதாவது மூணேகால் கட்டம். அதிலும் ஓரத்துக் கட்டங்களில் வரப்பும் பக்கத்து வயலும் கலந்திருக்கும். கிராமம் முழுவதற்கும் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள், நன்றாகச் சொல்லும். தாளடிக்காரர் அண்ணனின் ஒரு மாவில் எத்தனை சிப்பம் விளைந்தது என்று கேட்டால் அதற்கு அதில் பதில் கிடையாது.

எனவே கேட்க வேண்டியது, எந்த சர்வே எண் வயலில் அறுத்தார்கள், எத்தனை கிலோ வந்தது, செயற்கைக்கோள் மதிப்பீடு என்ன, இரண்டையும் எப்படிக் கலந்தார்கள் என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்வது. அறுத்த அன்றைக்கே ஒட்ட வேண்டும். ஆறு மாதம் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு வாங்கினால் அடுத்த பட்டமே முடிந்திருக்கும்.

வெட்டாறு:

சரி, சீட்டு விஷயத்தில் ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதற்கெல்லாம் புதிதாக ஆப், சர்வர் என்று போனால் பவர் போனால் அதுவும் போச்சு. இன்னொன்று, இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, போனில் நெல்லைப் படம் எடுத்தால் ஈரப்பதம் சொல்கிற மாதிரி செய்ய முடியாதா? மீட்டர் பிரச்சினையே தீர்ந்துவிடும்.

மன்னை மின்னணு:

ஏஐ எனக்குப் பிடித்த விஷயம், தினமும் பயன்படுத்துகிறேன். இலையைப் படம் எடுத்துக் குலைநோயா, பழுப்புப் புள்ளியா என்று கேட்பதில் தப்பே இல்லை, ஏனென்றால் அது சொல்வதை நம் கண்ணால் சரிபார்க்கலாம், சந்தேகம் என்றால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். ஆனால் போன் கேமரா பார்ப்பது உமியின் மேல்தோல். தண்ணீர் இருப்பது அரிசிக்குள். மேலே காய்ந்து உள்ளே ஈரமான நெல்லும் முழுக்கக் காய்ந்த நெல்லும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அதோடு மீட்டரையாவது அடுப்பில் உலர்த்தி ஒப்பிட்டுத் திருத்தலாம். போன் செயலி ஏன் 17.3 என்றது என்று அதை எழுதியவராலேயே பல நேரம் சொல்ல முடியாது. விளக்கம் சொல்ல முடியாததைக் கொண்டுவந்து கொள்முதலில் வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதி.

சர்வரே வேண்டாம். மீட்டரோடு ஒரு சின்னத் தெர்மல் பிரிண்டர், பஸ் கண்டக்டர் கையில் இருக்கிறதே அதே சாமான், பேட்டரியில் ஓடும், சில ஆயிரம் ரூபாய். நெட் வந்தால் பதிவு மேலே போகட்டும், வராவிட்டால் பேப்பர் கையில் இருக்கும். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம் பக்கம் கரண்டும் இல்லை, டவரும் இல்லை, வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. டெல்டாவில் எதைச் செய்தாலும் அந்த நாட்களிலும் ஓடுமா என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். தெர்மல் பேப்பர் வெயிலில் மங்கும், அதனால் அதே எண்ணை ஒரு பதிவேட்டிலும் கையால் எழுதி விவசாயியிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

பட்டியல் எழுதியவர்:

இப்படி இருந்தால் எழுத்தர்கள் எதிர்க்க மாட்டார்கள். நான் சேர்க்கச் சொல்வது இரண்டு. சீட்டில் எடையும் வர வேண்டும், இல்லாவிட்டால் ஈரப்பதத்தில் நியாயமாக இருந்துவிட்டு எடையில் கை வைப்பார்கள். அப்புறம் லாரி ஏறும்போதும் அதே மாதிரி ஐந்து அளவு எடுத்துச் சீட்டுப் போட வேண்டும், அதுதான் எழுத்தரைக் காப்பாற்றும். மீட்டரைச் சரிபார்க்கும் வேலையை நிலையத்து ஆட்களிடமே விடக் கூடாது. பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, வெளியாள் வந்து பார்க்க வேண்டும்.

இயற்பியல் டீச்சர்:

சரிபார்ப்புக்கு எங்கள் மாதிரிக் கல்லூரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அடுப்பும் துல்லியத் தராசும் எங்கள் ஆய்வகத்தில் இருக்கின்றன, இரண்டாம் ஆண்டு மாணவர்கள் செய்முறையாகவே செய்வார்கள். டெல்டாவில் எத்தனை கல்லூரி இருக்கிறது. ஒரே மாதிரியை மூன்றாகப் பிரித்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஒன்று நிலையத்துக்கு, ஒன்று கல்லூரிக்கு, ஒன்று விவசாயியிடம். பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் வைத்துவிட்டால் பைக்குள் ஈரம் வியர்த்துவிடும், அதனால் டப்பா நிறைய நிரப்பி மூட வேண்டும்.

மன்னை மின்னணு:

டீச்சர், இது அருமையான யோசனை. அடுத்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுக்க மனு எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்லுங்கள்:

"கொள்முதல் நிலையங்களில் ஒவ்வொரு லோடுக்கும் ஐந்து இடங்களில் மாதிரி எடுத்து, ஐந்து அளவுகளையும் சராசரியையும், மீட்டரின் எண்ணையும் அதன் கடைசிச் சரிபார்ப்புத் தேதியையும், எடையையும் அச்சிட்ட சீட்டாக விவசாயிக்கு வழங்க வேண்டும். நெல் திருப்பி அனுப்பப்பட்டாலும் இதே சீட்டு வழங்கப்பட வேண்டும். மீட்டரின் பிழை அளவுக்குள் வரும் வித்தியாசத்துக்காக நெல்லைத் திருப்பி அனுப்பக் கூடாது. லாரியில் ஏற்றும்போதும் இதே அளவீடு செய்து, ஈரம் குறைந்ததால் வரும் எடைக் குறைவை ஊழியரிடம் பிடிக்கக் கூடாது. மீட்டர்களை மாவட்டத்தில் உள்ள கல்லூரி ஆய்வகங்களில் அடுப்பு முறையில் ஒப்பிட்டு, முடிவை நிலையத்தின் பலகையில் எழுத வேண்டும்."

17 முதல் 20 வரை சரிவாகக் கழிப்பது பற்றி இதில் சேர்க்கவில்லை, அது தில்லியில் முடிவாக வேண்டியது, அதற்குத் தனி மனு. ரேஷனுக்கும் காப்பீட்டுக்கும் தனித்தனியாகப் போடலாம், ஒரே மனுவில் எல்லாவற்றையும் போட்டால் மூன்று துறைக்குச் சுற்றி ஒன்றிலும் நிற்காது.

தாளடிக்காரர்:

மனு நன்றாக இருக்கிறது தம்பி. ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்கும்போது விவசாயி பக்கத்தில் நிற்க வேண்டும், திரையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள், நீங்கள் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் கூத்தாநல்லூர் பக்கத்து ஆட்களிடமும் சொல்லி வைக்கிறேன்.

குடந்தை வாசகி:

ரேஷன் மனுவை நான் எழுதுகிறேன். எங்கள் தெருவில் ரேகை விழாதவர்கள் யார் யார் என்று முதலில் ஒரு பட்டியல் எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன், பெயர் இல்லாமல், வயதும் செய்த வேலையும் மட்டும்.